தக்காளிக்கு மாவுக்கட்டு

"மேல பார்த்தா மகாராஜா. கீழ பார்த்தா அடிப்பிடிச்ச பாத்திரம்!" என்றார் கம்பவுண்டர், தக்காளியைத் தலைகீழாகத் திருப்பியபடி.

டோக்கன் அக்கா இன்னொன்றைப் பறித்துத் திருப்பினாள். அவள் கையில் இருந்த தக்காளியும் அப்படித்தான் இருந்தது. காம்புப் பக்கம் பளபளவென்று சிவப்பு. அடியில் யாரோ கட்டைவிரலால் அமுக்கி வைத்ததுபோல ஒரு குழி. குழி முழுக்கக் கறுப்பு.

"எல்லாக் காயுமா இப்படி?"

"பழுத்ததெல்லாம் இப்படித்தான் அக்கா. பழுக்காததும் ஒத்திகை பார்த்துட்டு இருக்கு."

அவள் அடுத்த தொட்டிக்குப் போய் ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்தாள்.

அது ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக். முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, 'எனக்கு முன்னாடி அவர் எப்படிப் போனார்?' என்ற சண்டைகளைத் தீர்த்துவைப்பது அவள் வேலை. அதனால் நோயாளிகளிலிருந்து மருந்து விற்பனைப் பிரதிநிதிகள்வரை எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்காதான்.

தக்காளிச் செடிகள் டாக்டருடையவை. கிளினிக்கின் பின்பக்க பால்கனியில் ஆறு தொட்டிகள். காலையில் வந்ததும் அவற்றின் முன்னால் நின்று ஒரு பழத்தைப் பறித்துத் துடைத்து அப்படியே கடித்துத் தின்ற பிறகுதான் அவர் ஸ்டெதாஸ்கோப்பைத் தேடுவார். மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு வெளிநாடு கிளம்பிய அன்று, கிளினிக்கை ஜூனியர் டாக்டரிடம் ஒப்படைத்தார். செடிகளை மட்டும் டோக்கன் அக்காவிடம் ஒப்படைத்தார்.

"சார், எனக்குச் செடி வளர்த்துப் பழக்கமே இல்லையே," என்று அவள் தயங்கினாள்.

"அதனால என்னம்மா? உங்ககிட்ட விட்டாத்தான் எனக்கு நிம்மதி," என்றார் டாக்டர். குரல் லேசாகத் தழுதழுத்தது.

அந்தத் தழுதழுப்பு அவளைத் தூங்கவிடாமல் செய்தது. ஊரின் மறுகோடியில் டாக்டர் இன்னொரு கிளினிக் திறக்கப்போகிறார். அதை நிர்வகிக்க ஓர் ஆள் வேண்டும். திரும்பி வந்ததும் யாரென்று சொல்வதாகச் சொல்லியிருந்தார். புது கிளினிக் அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இப்போதோ போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். பள்ளி விட்டு வரும் மகள், அம்மா வரும்வரை பக்கத்து வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"இது பரீட்சைதாங்க," என்று கணவனிடம் சொன்னாள். "ஆறு தொட்டியைக் காப்பாத்தத் தெரியாதவ ஒரு கிளினிக்கை எப்படிக் காப்பாத்துவான்னு பார்க்கிறார்."

மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்யும் கணவன் யோசித்தான். "அப்போ பெயிலாயிடாதே. போன வருஷம் நீ தண்ணி ஊத்தின பிளாஸ்டிக் பூவே சாயம் போச்சு."

அப்படிப்பட்ட பரீட்சையில்தான் இப்போது விடைத்தாள் முழுக்கக் கறுப்பு மை.

"இது தாகம்," என்று தீர்ப்புச் சொன்னார் கம்பவுண்டர். "நாக்கு வறண்டு கறுத்திருக்கு. ஞாபகம் வந்தப்போ ஒரு டம்ளர் ஊத்தினா செடி என்ன பண்ணும்?"

அது உண்மைதான். டோக்கன் நெரிசலில் பல நாள் அவள் பால்கனிப் பக்கமே போகவில்லை. குற்ற உணர்ச்சி தாங்காமல் வாளி வாளியாக ஊற்றினாள். தொட்டி நிரம்பி, பால்கனி நிரம்பி, தண்ணீர் கீழே இறங்கியது. கீழே சலவைக் கடை. தேய்த்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் செம்மண் நிறத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

சலவைக்காரர் ஒரு சட்டையைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். "இது நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போற பையனோட சட்டைம்மா! இதைப் போட்டுட்டுப் போனா அம்மை போட்டிருக்குன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க!"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியபின், பயத்தில் அவள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. செடிகள் தலை தொங்கின. மறுபடியும் வாளி. மறுபடியும் சலவைக்காரர். மறுபடியும் பட்டினி. கறுப்பு இன்னும் பரவியது.

டாக்டர் போனில் கூப்பிட்டார். பேரன் பிறந்த செய்தியைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செடியெல்லாம்... இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்கு சார்! நல்லா இருக்கு சார்!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரிம்மா. ரொம்ப சிரமப்படாதீங்க. முடிஞ்சா பாருங்க, இல்லேன்னா விட்டுடுங்க."

"பாவம், எவ்வளவு பெருந்தன்மை!" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கம்பவுண்டர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "மச்சான் வயல்லேர்ந்து யூரியா கொண்டாந்திருக்கேன். செடி சோர்ந்து போயிருக்கு. டானிக் கொடுத்தா எழுந்து நிக்கும்."

"எவ்வளவு போடணும்?"

"நல்லதுக்கு ஏதுக்கா அளவு?" என்று தொட்டிக்கொரு கைப்பிடி போட்டார்.

செடி எழுந்து நிற்கத்தான் செய்தது. இலையாக எழுந்து நின்றது. கரும்பச்சையில், கையகலத்தில், பால்கனிக் கதவைத் திறக்க முடியாத அளவுக்குத் தழைத்தது. அந்தக் காட்டுக்குள் கையை விட்டுத் துழாவினால் கிடைத்த காய்கள் முன்னைவிட மோசம். கோலிக்குண்டு அளவில் இருந்த பிஞ்சுகூடப் பிறக்கும்போதே அடியில் மச்சத்தோடு பிறந்திருந்தது.

அன்று கூட்டம் குறைந்த நேரத்தில் அவள் ஒரு காயைக் கொண்டுபோய் ஜூனியர் டாக்டரின் மேசையில் வைத்தாள். அவர் அதை எக்ஸ்ரே பார்க்கும் விளக்குக்கு முன்னால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைபேசியில் தேடினார். தேடியவர் நாற்காலி குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன சார்?"

"கால்சியம் குறைபாடாம்!"

விஷயம் காத்திருப்போர் அறைக்குப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. "ஊருக்கெல்லாம் கால்சியம் எழுதிக் கொடுக்கிறவர் வீட்டுச் செடிக்கே கால்சியம் இல்லையா?" என்று மூட்டுவலிக்காரர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

டோக்கன் அக்காவுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. கால்சியம்தானே? இந்தக் கிளினிக்கில் இல்லாத கால்சியமா? மருந்துப் பிரதிநிதிகள் இலவசமாக வைத்துவிட்டுப் போன டானிக் பாட்டில்கள் அலமாரி நிறைய இருந்தன. குழந்தைகளுக்கானது, ஸ்ட்ராபெர்ரி வாசனை. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பாட்டிலைக் கவிழ்த்தாள். மண் இளஞ்சிவப்பாக மாறியது. வாசனை தெருமுனைவரை போனது.

செடிக்குத் தெரிந்ததோ இல்லையோ, எறும்புகளுக்குத் தெரிந்துவிட்டது.

சுவரோரமாக வரிசை கட்டி வந்தன. தொட்டிகள் நிரம்பியதும், மிச்சப் படை சுற்றுப்புறத்தைப் பார்வையிடக் கிளம்பியது. பால்கனிக் கதவருகே, காற்றுக்காக, வலக்கையில் மாவுக்கட்டோடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் எதற்கும் அசையாதவர் என்று பேர் வாங்கியவர். அவர் திடீரென்று அசைந்தார். பிறகு நெளிந்தார். பிறகு நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து, ஒற்றைக் காலில் சுற்ற ஆரம்பித்தார்.

"கட்டுக்குள்ள ஏதோ போகுது! முழங்கைகிட்டப் போகுது! ஐயோ, கடிக்குது!"

"சார், ஆடாதீங்க, எலும்பு விலகிடும்!"

"எலும்பு விலகட்டும்! முதல்ல எறும்பு விலகட்டும்!"

ஜூனியர் டாக்டர் ஓடி வந்து கட்டைப் பிரித்து, கையைத் துடைத்து, புதுக் கட்டுப் போட்டு அனுப்பவேண்டியதாயிற்று. வாசல்வரை போன தலைமையாசிரியர் திரும்பி நின்று டோக்கன் அக்காவைப் பார்த்தார். "நான் கை ஒடிஞ்சு வந்தேனா, இல்லே எறும்புக்கு வீடு வாடகைக்கு விட வந்தேனா?"

அவள் தலை குனிந்து நின்றாள். அன்று பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. புது கிளினிக், நடந்து போகிற தூரம், செருப்போடு காத்திருக்கும் மகள் எல்லாம் கண்ணெதிரே கறுத்துக் குழிவிழுந்து தெரிந்தன.

"அக்கா, எறும்பு வராத கால்சியம் ஒண்ணு இருக்கு," என்றார் கம்பவுண்டர் மறுநாள்.

"உங்க யோசனையே வேண்டாம் கம்பவுண்டரே."

"கேளுங்கக்கா. வாசனை கிடையாது. இனிப்புக் கிடையாது. நம்மகிட்ட மூட்டை மூட்டையா இருக்கு. மாவுக்கட்டுப் பவுடர்! அதுவும் சுண்ணாம்புச் சத்துதானே?"

ஜூனியர் டாக்டரிடம் கேட்டார்கள். அவர் ஒரு முழங்காலைத் தட்டிக்கொண்டே, "ஆமா, அதுலயும் கால்சியம் இருக்கு," என்றார். எதற்குக் கேட்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. முழுகப் போகிறவளுக்கு அந்தத் துரும்பு போதுமானதாக இருந்தது.

முதலில் ஒரு தொட்டியில் மட்டும் பரிசோதனை. கம்பவுண்டர் தாராளமாகத் தூவினார். அவள் தண்ணீர் விட்டாள். வெள்ளை வெளேரென்று பாயசம்போல் நுரைத்தது. பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. அதற்குள் வாசலில் டோக்கன் தகராறு. தீர்த்துவிட்டு வந்து பார்த்தபோது பாயசம் பாறையாகியிருந்தது.

தட்டிப் பார்த்தாள். டொக், டொக்.

நடுவில் தக்காளிச் செடி, கழுத்தெலும்பு தேய்ந்தவர் பட்டை போட்டுக்கொண்டதுபோல, எந்தப் பக்கமும் திரும்ப முடியாமல் விறைத்து நின்றது.

"நல்லா செட்டாயிருக்கு," என்று தொழில் பெருமையை அடக்க முடியாமல் சொல்லிவிட்டார் கம்பவுண்டர்.

அந்த நேரம் பார்த்து டாக்டரின் போன். பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"சார்... ஒரு தொட்டி... கெட்டியாயிடுச்சு சார்."

"கெட்டியாயிடுச்சா? அப்படின்னா? செடி போயிடுமா?"

"தெரியல சார். மன்னிச்சிடுங்க சார்."

"சேச்சே! இதுல என்னம்மா மன்னிப்பு?" டாக்டரின் குரலில் ஒரு விசித்திரமான உற்சாகம். "போனா போகட்டும். மத்த அஞ்சும் போனாக்கூட நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். புரியுதா? ஒரு வார்த்தை!"

துக்கத்தை மறைக்கத்தான் மனுஷர் இப்படிச் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. போனை வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"கம்பவுண்டரே, கட்டுப் பிரிக்கிற மெஷினை எடுங்க."

"செடிக்கா?"

"கட்டுப் போட்டது யாரு? நாமதானே? நாமதான் பிரிக்கணும்."

பால்கனியில் மெஷின் கிர்ரென்று இரைந்தது. வெள்ளைப் புழுதி பறந்தது. கம்பவுண்டர் அறுக்க, அவள் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அங்க யாருக்குக் கட்டுப் பிரிக்கிறீங்க? அடுத்த டோக்கன் நான்தானே?"

ஊன்றுகோலோடு எட்டிப் பார்த்தவர், வலது காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண்மணி. வேளாண்மை அதிகாரி. கத்திரித் தோட்டம் பார்க்கப் போன இடத்தில் வரப்பு வழுக்கி விழுந்தவர்.

"கொஞ்சம் இருங்க மேடம். இது அவசர கேஸ்," என்றாள் டோக்கன் அக்கா, தலை முழுக்க வெள்ளைத் தூளோடு.

அதிகாரி தொட்டியைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். கதவை மறைத்த இலைகளைப் பார்த்தார். ஒரு காயைத் திருப்பிப் பார்த்தார். ஊன்றுகோல் நழுவும் அளவுக்குச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குக் கட்டு அப்புறம் பிரிக்கலாம். முதல்ல சொல்லுங்க, இதுக்கு என்னென்ன செஞ்சீங்க?"

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது ஒரு குற்றவாளியின் வாக்குமூலம்போல் கேட்டது.

"நோய் என்னவோ கால்சியம் குறைபாடுதான்," என்றார் அதிகாரி. "ஆனா மண்ணுல அது இல்லாம இல்லை. இருக்கிறது காய்க்குப் போய்ச் சேரல. உங்க வேலையையே எடுத்துக்கோங்க. வெளிய பேஷண்ட் இருக்காங்க, உள்ள டாக்டர் இருக்கார். நடுவுல நீங்க ஒழுங்கா டோக்கன் கொடுக்கலேன்னா?"

"ஒருத்தரும் உள்ள போக முடியாது."

"அதேதான். தண்ணிதான் டோக்கன். கால்சியம் தண்ணியோடதான் நகரும். நீங்க ஒரு நாள் வெள்ளம் விட்டீங்க, நாலு நாள் காயப் போட்டீங்க. போக்குவரத்தே நின்னுபோச்சு. அதுலயும் இலைங்க எல்லாம் சிபாரிசோட வர்ற பெரிய மனுஷங்க மாதிரி. வர்றதை முதல்ல அதுங்க வாங்கிக்கும். காய் பாவம், வரிசையில கடைசி. நீங்க யூரியாவை அள்ளிப் போட்டு இன்னும் நூறு பெரிய மனுஷங்களை உள்ள விட்டுட்டீங்க."

டோக்கன் அக்கா அந்த இலைக் காட்டை நிமிர்ந்து பார்த்தாள். வரிசையில் கடைசியாக நிற்பவர்களை அவள் அறிவாள். சிபாரிசோடு வருபவர்களையும் அறிவாள்.

"இப்ப நான் என்ன செய்யணும் மேடம்?"

"கறுத்த காயெல்லாம் பறிச்சுடுங்க, அது இனிமே தேறாது. யூரியாவை நிறுத்துங்க. தினமும் ஒரே நேரத்துக்கு, ஒரே அளவு தண்ணி. மண்ணு ஈரமா இருக்கணும், சேறா இருக்கக் கூடாது. மேல காய்ஞ்ச இலையைப் பரப்பி வெச்சா ஈரம் சட்டுனு போகாது. உரக்கடையில கால்சியம் நைட்ரேட்னு கேளுங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு அரை டீஸ்பூன் கரைச்சு, வெயில் தாழ்ந்த பிறகு இலை மேலயும் பிஞ்சு மேலயும் படற மாதிரி தெளிங்க. அது கைத்தாங்கல் மட்டும்தான். நடக்க வைக்கிறது தண்ணிதான்."

"கைப்பிடிக் கணக்கு..." என்று ஆரம்பித்த கம்பவுண்டரை இரண்டு பெண்களும் சேர்ந்து பார்த்தார்கள். அவர் மெஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

"இந்தக் கட்டுப் போட்ட செடி?"

"வேரெல்லாம் அறுந்திருக்கும். புது மண்ணுல தண்டைக் கொஞ்சம் ஆழமா புதைச்சு நடுங்க. தக்காளி தண்டுலேர்ந்தே வேர் விடும். அவ்வளவு சீக்கிரம் உயிரை விடற ஜாதி இல்லை அது."

அன்று முதல் டோக்கன் அக்கா செடிகளுக்கும் டோக்கன் போட்டாள். கிளினிக் திறந்ததும் முதல் டோக்கன் அவற்றுக்குத்தான். எவ்வளவு பெரிய ஆள் வாசலில் நின்றாலும் சரி. தொட்டிக்கு ஒரு சொம்பு. பூங்காவில் கூட்டிக் குவித்த சருகைப் பையில் அள்ளி வந்து மண்ணின் மேல் பரப்பினாள். கம்பவுண்டர் தன் பங்குக்குப் பஞ்சு வைத்துக் கட்டவா என்று கேட்டார். மறுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் விடுமுறை. செடிக்கு ஏது விடுமுறை? மகளையும் கணவனையும் இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏறி வந்தாள்.

"ஆறு சொம்புத் தண்ணிக்கு ஆறு டிக்கெட்டா?" என்று முணுமுணுத்தான் கணவன். ஆனால் சாய்ந்திருந்த செடிக்குக் கடையிலிருந்து ஒரு பழைய கம்பியைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தவனும் அவன்தான். மகள் ஒவ்வொரு பிஞ்சையும் குனிந்து கீழிருந்து பார்த்து அறிவித்தாள்: "இது சுத்தம். இதுவும் சுத்தம். அம்மா, இதுவும்!"

பழங்களும் அப்படியே வந்தன. ஒன்று, இரண்டு, கொத்தாக. அடியில் குழியில்லை, கறுப்பில்லை. ஆழமாகப் புதைத்த அந்த ஆறாவது செடியும் ஒருநாள் காலையில் மஞ்சள் பூவோடு நின்றது. டோக்கன் அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டாள். கட்டுப் பிரிக்க வந்த தலைமையாசிரியர், புதிதாக விடுதலையான கையால் ஒரு பழத்தை வாங்கித் திருப்பிப் பார்த்து, "பாஸ்," என்றார். அவர் வாழ்நாளில் அதிகம் சொல்லாத வார்த்தை அது.

டாக்டரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. அவர் கேட்டபோதெல்லாம், "நீங்களே வந்து பாருங்க சார்," என்று மட்டும் சொன்னாள். நேரில் பார்த்து அவர் முகம் மலர்வதைக் காண வேண்டும் என்று ஆசை.

அவர் வந்தார். மனைவியோடு, பேரனின் படங்களோடு வந்தவரை அவள் நேராகப் பால்கனிக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தாள்.

ஆறு செடிகளும் பாரம் தாங்காமல் வளைந்து நின்றன. பால்கனியே சிவந்திருந்தது.

டாக்டர் அசையாமல் நின்றார். உதடு துடித்தது. தொண்டையில் எச்சில் இறங்குவது தெரிந்தது. அவர் கை தானாக ஒரு பழத்தை நோக்கி நீண்டது. மனைவி லேசாக இருமினார். கை திரும்பி வந்தது.

"எல்லாமே... பொழைச்சிடுச்சா?" என்றார் மெல்லிய குரலில்.

"ஒண்ணுகூடப் போகல சார்!"

கம்பவுண்டர் இடையில் புகுந்து வெள்ளம், யூரியா, எறும்பு, மாவுக்கட்டு என்று முழுக்கதையையும் நடித்தே காட்டிவிட்டார். தன் பெயர் வரும் இடங்களில் மட்டும் 'நாங்க' என்றார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கட்டத்துக்கு மேல் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி குலுங்கினார்.

பிறகு எழுந்து டோக்கன் அக்காவைப் பார்த்தார்.

"புது கிளினிக்குக்கு யாரைப் போடறதுன்னு பிளேன் முழுக்க யோசிச்சுட்டு வந்தேம்மா. இனி யோசிக்க ஒண்ணுமில்லை. மாவுக்கட்டுக்குள்ள இருந்து ஒரு உயிரை வெளிய எடுத்தவங்க நீங்க. நீங்கதான் பார்த்துக்கணும்."

அவள் கைகூப்பினாள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொந்த வீட்டுக்குள் ஓடுவது மட்டும் கண்ணில் தெரிந்தது.

"இன்னொண்ணு," என்றார் டாக்டர், செடிகளைப் பார்க்காமல். "இந்தத் தொட்டிகளையும் அங்கேயே கொண்டு போயிடுங்க. பழமெல்லாம் உங்களுக்குத்தான். இன்னிக்கே. இப்பவே எடுத்துட்டாக்கூட நல்லது." சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டோக்கன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரின் மனைவியிடம் திரும்பினாள். "பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த செடிங்களை எனக்கே கொடுத்துட்டாரே மேடம்! என் மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

டாக்டரின் மனைவி சாத்திய கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்து சிரித்தார். "நம்பிக்கை இல்லாமலா? இவருக்குக் கிட்னியில கால்சியம் கல்லு, இனிமே தக்காளியைத் தொடவே கூடாதுன்னு கிட்னி டாக்டர் சொல்லிட்டார். தன் கையால பிடுங்கிப் போட இவருக்கு மனசு வரல, அதான் யார்கிட்ட கொடுத்தா ஒரே வாரத்துல நிச்சயமா பட்டுப்போகும்னு கிளினிக் முழுக்க விசாரிச்சு உங்களைத் தேர்ந்தெடுத்தாரும்மா!"